பதினேழாம் நம்பர் நெஞ்சு

எனக்கு வாய் அதிகம் என்று தூத்துக்குடிக் கருவாட்டுச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயில்தான் புற்று வந்தது. "பேசுன பேச்சுக்கு மாதா கூலி கொடுத்துட்டா" என்று என் காதுபடவே சொன்னவள் ஒருத்தி உண்டு. பக்கத்துக் கடைக்காரி. பெயரைச் சொன்னால் அவளுக்குப் பெருமை வந்துவிடும், சொல்லமாட்டேன். இருபத்தைந்து வருஷம் வெற்றிலையோடு யாழ்ப்பாணப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிவைத்தேன், அடக்கிய இடத்தில் வந்தது. பேச்சுக்கும் புகையிலைக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் நான் என்ன பேச?

மதுரையில் தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்ட் வைத்தார்கள். அதற்கு வேறு பெரிய பெயர் இருக்கிறது, எங்கள் பக்கம் கரண்ட் என்றால்தான் புரியும். அதோடு வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோனது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைவரைகூடப் போக முடியாது. 'ச'வும் 'ர'வும் சரியாக வராது. வராவிட்டால் போகட்டும், ஏச வேண்டியவர்களை அவை இல்லாமலும் ஏசலாம் என்று சந்தைக்குத் திரும்பிய முதல் நாளே காட்டிவிட்டேன்.

மதுரை டாக்டர் அனுப்பும்போது ஒன்று சொல்லி அனுப்பினார். "வாயில வந்தது போயிருச்சு. திரும்பி வந்தா நெஞ்சுலயும் வரலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் படம் எடுத்து உங்க ஊர் டாக்டர்கிட்ட காட்டணும். ரெண்டு வருஷத்துக்கு விடக் கூடாது." எங்கள் ஊர் டாக்டர் என்றால் தேவபிரசாதம். நாசரேத்துக்காரர், கோபம் வந்தாலும் 'அம்மா' போட்டுத்தான் பேசுவார். படம் நன்றாக விழுகிற மிஷின் பாளையங்கோட்டையில் ஒரு எக்ஸ்ரே கடையில் இருக்கிறது என்று அவர்தான் அங்கே அனுப்பினார். இரண்டு தடவை எடுத்தேன், இரண்டும் சுத்தம். மூன்றாவது தடவைதான் இந்தக் கதை. எழுபத்தாறாம் வருஷம், பிப்ரவரி மாதம்.

என் வீட்டுக்காரர் தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அவர் தங்கை மெட்டில்டாவும்தான். மெட்டில்டா கெட்டவள் இல்லை. ஆனால் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் அழுதுவிட்டுத்தான் கிளம்புவாள்.

"மதினி, நல்லாத்தான இருக்கிய, எதுக்குப் போயிப் போயிப் படம் எடுக்கிய? கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போயிரும்."

"பூதம் இருந்தா, வெட்டாட்டாலும் அது அங்கனதான்ளா உக்காந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

எக்ஸ்ரே கடையில் பதிவு எழுதுகிறவர் ஆவுடையப்பன் என்று ஒருவர். விளாத்திகுளத்துக்காரர். பேர் கேட்டார், அந்தோணியம்மாள் பெர்னாண்டோ என்றேன். ஊர் கேட்டார், தூத்துக்குடி என்றேன். புருஷன் பேர் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அவர் கடலில் இருக்கும்போது சொல்லவே கூடாது என்பாள் என் மாமியார். சந்தையையே பேர் சொல்லி ஏசுகிற நான், அந்த ஒரு பெயருக்கு மட்டும் வாய் திறந்ததில்லை. கூட வந்தவர்கள் யாராவது சொல்வார்கள், அன்றைக்கு நான் தனியாகப் போயிருந்தேன். ஆவுடையப்பன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி விடுங்க" என்று அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு டோக்கன் கொடுத்தார்.

படம் எடுத்து, அது கழுவிக் காய்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் பக்கத்தில் சேலைத் தலைப்பால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். கையில் தண்ணீர் பாட்டில். அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"கரண்டாக்கா?" என்றேன்.

"ஆமா, மதுரைல. முப்பது நாளு. ஒனக்கு?"

"அதே எடந்தான்."

அவள் நிறையப் பேசுகிறவள் இல்லை. ஆத்து வாயில் மண் அடைத்து வள்ளம் வெளியே போகமுடியாமல் நிற்கிறது, அவுக மூணு நாளா வீட்டிலதான் இருக்காவ என்று அவ்வளவுதான் சொன்னாள். என் பாட்டில் காலியாகியிருந்தது. கேட்காமலே தன் பாட்டிலை நீட்டினாள், நான் மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பாட்டிலை நிரப்பக் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனாள்.

அது எமர்ஜென்சி காலம். அதற்கு முன்னால் பஸ் நமக்காக நிற்கும், அப்போது மூன்று மணி என்றால் மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். மணி இரண்டே முக்கால். உள்ளேயிருந்து "அந்தோணியம்மாள் பெர்னாண்டோ, தூத்துக்குடி" என்று ஆவுடையப்பன் குரல் கேட்டது. அதற்கு முன்னால் ஏதோ நம்பரும் சொன்னார். நம்பர் யாருக்கு வேண்டும், என் பேர் எனக்குத் தெரியாதா? எழுந்து போய்க் கவரை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை தேவபிரசாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். போன இரண்டு தடவையும் பிடித்தவுடன் "நல்லது" என்றார். இந்தத் தடவை கையை இறக்கவேயில்லை.

"வலது பக்கம் கீழ ஒரு நிழல் இருக்கும்மா."

"நெழல்னா?"

"புற்று இங்க வந்திருக்கலாம். காசமாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. மதுரை டாக்டர் வியாழக்கிழமை பார்ப்பார். நான் கடிதம் தாரேன், வியாழக்கிழமை நீங்க அங்க இருக்கணும். தள்ளிப்போடக் கூடாதும்மா."

நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து நடந்தேன். எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

வீட்டில் வாய்தவறி மெட்டில்டாவிடம் சொல்லிவிட்டேன். அந்திக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், என் கலியாணச் சேலை முற்றத்துக் கொடியில் காய்கிறது. பெட்டிக்குள் பூஞ்சை வாடை அடித்ததாம்.

"எதுக்குளா இத எடுத்துக் காயப்போட்ட?"

அவள் அழுதாள். என்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்துவதற்குத்தான், வேறு எதற்கு? பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். கொழும்புக்குத் தந்தி அடிக்கட்டுமா? சாமியாரை வரச்சொல்லி, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசச் சொல்லட்டுமா?

"தந்தி அடிச்ச, கைய ஒடிச்சிருவேன். சாமியார் வந்தா காப்பி போட்டுக் குடு, எண்ணெய் பூச விடாத" என்றேன். "வியாழக்கிழம நான் மதுரைக்குப் போறேன். போயி என்னன்னு கேட்டுட்டு வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் இந்த வீட்டுல எவளும் அழக் கூடாது."

திங்கட்கிழமை சந்தைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறிலும் சாவு நூறிலும் சாவு, அதற்காகக் கருவாடு காத்திருக்குமா? ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் ஒருத்தரும் பேரம் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். கால் ரூபாய்க்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள்கூட வாயைத் திறக்கவில்லை. மாதா கூலி கொடுத்தாள் என்று பேசிய பக்கத்துக் கடைக்காரியே வந்து, "ஒரு வாய் கஞ்சி குடிக்கியா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மெட்டில்டா கோவிலுக்குப் போயிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரையும் வைது வைது மூன்று நாளாகத் துரத்திக்கொண்டிருந்தது அந்தப் பயத்தைத்தான். அவர் கொழும்பிலிருந்து வந்து இறங்கும்போது நான் இருக்கமாட்டேனோ என்று நினைத்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்த நிழல் யாரென்று நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை ஏசாமல் விடக் கூடாது என்று கவரிலிருந்து படத்தை எடுத்து, வெயில் அடிக்கிற ஜன்னலில் வைத்தேன்.

நிழல் சின்னதுதான். ஒரு நெல்லிக்காய் அளவு. "எங்க வந்து உக்காந்திருக்க நீ, ஒனக்கு வேற எடம் கெடைக்கலியா" என்று ஆரம்பித்து, அதற்கு அப்பா அம்மா இருந்தால் அவர்களையும் சேர்த்து ஏசினேன். ஏசிக்கொண்டே விரலால் எலும்பு எலும்பாகத் தடவிக்கொண்டு வந்தேன். விலா, விலா, அதற்கு மேலே தோள் எலும்பு. அங்கே விரல் வழுவழுவென்று ஓடியது. ஓடக் கூடாதே.

பதினொரு வயதில் பழைய துறைமுகப் பாலத்திலிருந்து பையன்களோடு பந்தயம் கட்டிக் குதித்தேன். தண்ணீர் கம்மி, இடது தோள் எலும்பு இரண்டாக ஒடிந்தது. வைத்தியர் கட்டுப் போட்டதில் ஒரு எலும்பு மேல் இன்னொரு எலும்பு ஏறி ஒட்டிக்கொண்டது. அந்த முடிச்சு இன்றைக்கும் இருக்கிறது, ஜாக்கெட்டின் மேலேயே தெரியும். இடது கையால் படத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் என் எலும்பைத் தொட்டேன். முடிச்சு இருந்தது. படத்தில் இல்லை. ஒருவேளை திருப்பிப் பிடித்திருக்கிறேனோ என்று படத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கமும் எலும்பு நேராகத்தான் இருந்தது.

செருப்புகூடப் போடாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவ விடவில்லை.

"டாக்டர், இதத் தொட்டுப் பாருங்க. தொட்டுட்டு அதப் பாருங்க."

அவர் இடது கையால் தொட்டார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் தொட்டார். முகம் சிவந்துவிட்டது.

"நான் நிழலைத்தான் பார்த்தேன். எலும்பைப் பார்க்கலை. மன்னிச்சுக்கோங்கம்மா, இது உங்க நெஞ்சே இல்லை."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. சிரித்தேன். தாடையில் வெட்டு விழுந்த பிறகு சிரித்தால் வாய் கோணும் என்று யார் முன்னாலும் சிரிப்பதில்லை, அன்றைக்கு அவர் வீட்டு நடையில் நின்று வாய் கோணக் கோணச் சிரித்தேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் சிரிக்கவில்லை. படத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்போ இந்த நெஞ்சு யாரோடதும்மா?"

சிரிப்பு நின்றுபோனது. யாரோடது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. என் வாயில் அவள் பாட்டில் தண்ணீர். அவள் குழாயடியில். கையில் வந்த கவரோடு நான் பஸ்ஸுக்கு ஓட்டம். அவளுக்கும் என் பேராகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"உங்க படம் அவங்ககிட்ட இருக்கும்" என்றார் டாக்டர். "சுத்தமா இருக்குன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அவங்களும் நம்பிட்டு இருப்பாங்க. காசமா இருந்தா ஊசி போட்டுக் குணமாக்கிடலாம். மத்ததா இருந்தாலும் ஒரு நாள் முந்தினா ஒரு நாள் லாபம். மூணு மாசம் கழிச்சு அடுத்த படத்துல பார்த்தா லேட்டாயிரும். வியாழக்கிழமை மதுரைல நிக்க வேண்டியது அந்த அம்மாதான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் ஆவுடையப்பன் மேசையில் கவரைப் போட்டேன். இறங்கும்போது அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். "இது பதினேழு. ஒங்க டோக்கன் எங்க?"

டோக்கனைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்தேன். பதினெட்டு.

"நான் பதினேழுன்னு சத்தமாச் சொல்லித்தாம்மா கூப்பிட்டேன். நீங்க வந்து பிடுங்கிட்டு ஓடிட்டிய. பின்னாலேயே அந்தம்மா வந்தாவ, மீதி இருந்தத அவுகளுக்குக் குடுத்தேன். பாருங்க, ரெண்டு பேரும் அந்தோணியம்மாள் பெர்னாண்டோ. ரெண்டு பேரும் தூத்துக்குடி. ரெண்டு பேருக்கும் வைத்தியம் மதுரை. புருஷன் பேர் இருந்தா அதச் சேர்த்துக் கூப்பிட்டிருப்பேன். ரெண்டுலயும் கோடு. நான் கேக்காமலா போட்டேன்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடு. அவளும் சுவரைத்தான் பார்த்திருக்கிறாள். யாரை உண்டு இல்லை என்று ஆக்குவது? பிடுங்கியது நான். எங்கள் கடற்கரையில் பாதிப்பேர் பெர்னாண்டோ, அந்தப் பாதியில் வீட்டுக்கு ஒரு அந்தோணியம்மாள். ஊருக்குள் வீட்டுப் பேர், பட்டப்பேர் வைத்துப் பிரித்துக்கொள்வோம். விளாத்திகுளத்துக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

"ஒங்களுக்கு இன்னொரு படம் எடுத்துருவோம்" என்று புதுப் பக்கம் புரட்டினார். பேர் எழுதினார், ஊர் எழுதினார். பேனா நின்றது.

"ரோச்" என்றேன். "ரோச் பெர்னாண்டோ. கொழும்புக்குப் போயிருக்காரு. எழுதிக்கோங்க."

சொன்ன கையோடு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பெயரைச் சொன்னால் போகிற ஆயுசு என்ன ஆயுசு?

படம் காய்ந்து வந்ததும் நானே முதலில் வெளிச்சத்தில் பிடித்தேன். இடது தோளில் என் முடிச்சு அப்படியே இருந்தது. வலது பக்கம் கீழே ஒன்றுமில்லை. என் சந்தோஷத்துக்கு அங்கே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்திருக்கலாம், ஆனால் பதினேழாம் நம்பர் கவர் மடியில் கிடந்தது.

"அந்தம்மா எந்தத் தெருன்னு எப்படிக் கண்டுபிடிக்கப் போறிய?" என்றார் ஆவுடையப்பன். "தூத்துக்குடி பெரிய ஊராச்சே."

"அவ தூத்துக்குடி இல்ல அண்ணாச்சி. வெளியூர்ல கேட்டா எங்க பக்கம் எல்லாரும் தூத்துக்குடின்னுதான் சொல்லுவோம். ஆத்து வாயில மண் அடைச்சு வள்ளம் நிக்குதுன்னு அவளே சொன்னா. ஆத்துக்குள்ள வள்ளத்தக் கட்டிப்போடுத ஊர் புன்னைக்காயல்."

இரண்டு பஸ் மாறி ஆத்தூர் வந்து, அங்கிருந்து புன்னைக்காயல் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. குருசடிச் சிலுவைக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம், "வாயில வைத்தியம் பண்ணுன அந்தோணியம்மாள் வீடு எங்கன?" என்று கேட்டேன்.

"அம்புரோஸ் வீடா? நேராப் போங்க. இன்னைக்கு அங்கனதான் ஊருக்கு அசனச் சாப்பாடு. படம் சுத்தமா வந்துட்டுன்னு அந்தோணியாருக்கு நேர்ச்ச. நீங்களும் அதுக்குத்தான வந்திய?"

கவரைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசலில் பழைய பாயை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள், தோணியில் கட்டுகிற பாய். தெருப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தை மூடவில்லை. அன்றைக்குப் பார்த்ததைவிட முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன்.

அவளே என்னைப் பார்த்துவிட்டாள். "ஏளா, நீ அன்னைக்கு எந்தண்ணி பூராத்தையும் குடிச்சிட்டுப் போனவதான? சொல்லாமக் கொள்ளாம ஓடிட்ட. வா, வா, உள்ள வந்து உக்காரு."

உள்ளே போனேன். ஜன்னலில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு எக்ஸ்ரே படம் தொங்கியது. கனகாம்பரம் மாலை. கீழே மெழுகுவர்த்தி. அவள் வீட்டுக்காரர் அம்புரோஸ், அழுக்கில்லாத வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, ஒரு பொட்டு கெடையாது. இங்கன ஒரு முடிச்சு தெரியுதுல்லா? முந்தி அவளுக்கு இது கெடையாது. அந்தோணியார் கை வச்ச எடம் அது."

என் எலும்பு. பதினொரு வயதில் பந்தயத்தில் ஒடித்துக்கொண்ட என் எலும்பு, மாலையும் மெழுகுவர்த்தியுமாகத் தொங்கியது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அவள் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் வைத்தாள். நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. இந்த வாய்க்கு அப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அவள் கையைப் பிடித்து, ஜாக்கெட்டை ஒதுக்கி, அவள் விரலை என் முடிச்சின் மேல் வைத்தேன். பிறகு ஜன்னலைக் காட்டினேன்.

அவள் என் எலும்பைத் தடவினாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒம் படமா அது?"

"ஆமாக்கா. எனக்கும் ஒம் பேர்தான். ஒன்னயக் கூப்பிட்டாவ, நான் முந்திப் போயி வாங்கிட்டேன்."

"அப்ப எம் படம்?"

கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நல்லா இருக்கா?"

"இல்லக்கா. ஒரு நெழல் இருக்கு."

பந்தலில் பிள்ளைகள் ரசம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைல இருந்து நாலு ராத்திரி தூங்கியிருக்கேன்" என்றாள். "ஒரு வருஷத்துக்கு அப்புறம் நாலு ராத்திரி. அது ஒனக்குப் பொறுக்கலியா? அதப் பிடுங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"காசமாக்கூட இருக்கலாமுன்னு டாக்டர் சொல்லுதாரு. ஊசி போட்டா சரியாயிருமாம். நாளன்னைக்கு வியாழக்கிழம மதுரைல காட்டணும். கடிதம் எங்கிட்ட இருக்கு."

அம்புரோஸ் நடுவில் வந்து நின்றார். "அதெல்லாம் வேண்டாம். நேர்ச்சையச் செலுத்தியாச்சு, ஊரு சாப்பிடுது. செலுத்திட்டுத் திரும்ப டாக்டர்ட்ட போனா அந்தோணியார நம்பலன்னு ஆயிரும். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்கம்மா. இவட்ட ஒண்ணும் பேசாதிய."

அப்போதுதான் என் வாய் எனக்குத் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, நேர்ச்ச யாரு நெஞ்சுக்குச் செலுத்துனிய? அங்கன தொங்குதது என் நெஞ்சு. மாலையும் எனக்கு, மெழுகுவத்தியும் எனக்கு. இந்தச் சோறு அம்புட்டும் என் கணக்குலதான் ஏறியிருக்கு. இவ நெஞ்ச இன்னும் அந்தோணியார்ட்ட ஒருத்தரும் காட்டவே இல்லியே. காட்டாம அவரு எதப் பாப்பாரு?" பந்தலில் சத்தம் அடங்கிவிட்டது, நான் அடங்கவில்லை. "மூணு நாளு இவ படத்த வச்சிக்கிட்டு என்னயச் சாகச் சொன்னாவ. எங்கூட்டுல எஞ்சேலையக் காயப்போட்டாவ. சாமியாரக் கூப்புடப் பாத்தாவ. நான் சாகமாட்டேன்னு சந்தைல போயி உக்காந்தேன். இவ மட்டும் எதுக்கு ஒரு வார்த்த கேக்காமச் சாகணும்? இவ மதுரைக்கு வாரேன்னு சொல்லுததுவரைக்கும் நான் இந்த எலைல கை வைக்கமாட்டேன். இங்கனயேதான் நிப்பேன். ராத்திரியானாலும் நிப்பேன்."

அம்புரோஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குக் கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும், எனக்கும் இருந்ததே.

பிறகு ஜன்னல் பக்கம் போனாள். மாலையைக் கழற்றினாள். என் படத்தை இறக்கி, மேலே ஒட்டியிருந்த மெழுகைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒன் நெஞ்ச நீ வச்சிக்கோ. என்னத எங்கிட்ட தா."

கவரைப் பிரித்து, படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "எங்கன?" என்றாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத் தண்டிதானா?" என்றாள்.

அதே ஆணியில், அந்தோணியாருக்குப் பக்கத்தில், தன் படத்தைத் தொங்கவிட்டாள். மாலை போடவில்லை. மெழுகுவர்த்தியை நகர்த்தி அதற்கு நேரே வைத்தாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, பந்தலுக்கே கேட்கிற மாதிரி அந்தோணியாரிடம் பேசினாள்.

"இதுவரைக்கும் நீரு பாத்தது வேற ஆளு. இதுதான் நான். ராத்திரி முழுக்க இங்கனதான் இருக்கும், நல்லாப் பாத்துக்கிடும். காலைல நான் எடுத்துட்டுப் போயிருவேன்."

என் பக்கம் திரும்பி இலையைக் காட்டினாள்.

"உக்காரு, சாப்பிடு. காலைல மதுரைக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கு?"

ஐந்தரைக்கு என்று சொன்னேன்.